பதினொன்றே முக்கால்

போடிமெட்டைத் தாண்டி, ஏலமலைச் சரிவில் ஒரு தோட்டம். மாலை நான்கரை மணி. விடியுமுன் போடியில் ஜீப் ஏறி வந்த பெண்கள், பகல் முழுக்கச் செடியடியில் குனிந்து எடுத்த பச்சைக்காயைச் சாக்கில் கட்டித் தராசுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளை முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்கிறார்: “பதினொன்னே முக்கால்.” சாக்குக்கு உரிய பெண் அதையே திருப்பிச் சொல்கிறார்: “பதினொன்னே முக்கால்.” அதன் பிறகுதான் பேனா நோட்டில் இறங்குகிறது.

பல முறை பார்த்தும் அந்தத் திருப்பிச் சொல்லலை நான் கவனித்ததில்லை. கணக்குப்பிள்ளையான அந்தப் பெரியவர் வேலையிலிருந்து நின்று, கணக்கு என் அக்கா மகன் கைக்கு வந்தது. “மாமா, எடையைப் போட்டா கூலி வர்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் குடுங்க” என்று கேட்டான். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தத் தராசடியில் எவ்வளவு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது.

எழுதியது சின்ன நிரல். பழைய மடிக்கணினி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ஒரு கேள்வி வரும், பதிலைத் தட்ட வேண்டும், அடுத்த கேள்வி வரும். கட்டளை வரி என்று சொல்லும் இந்த முறைக்குப் படமும் பொத்தானும் கிடையாது. மலையில் சிக்னல் வந்து வந்து போகும், மின்சாரமும் அப்படியே. இணையம் கேட்காத, சுட்டியைத் தேடாத, ஈரக்கையோடு தட்டினாலும் ஓடுகிற நிரல்தான் அங்கே நிலைக்கும்.

பைத்தான் மொழியில் பயனரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க ஒரே வரி போதும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாடநூலில் படிக்கும் ‘இன்புட்’ செயற்கூறுதான் அது. எதைக் கேட்டாலும் அது கொண்டுவந்து தருவது எண் அல்ல, எழுத்துகளின் தொடர். பாடநூல் அதைச் சரம் என்கிறது. ஏலச்செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் காய்க்கொத்தையும் தோட்டத்தில் சரம் என்றுதான் சொல்கிறார்கள். சரத்தில் இருக்கும்வரை காய் எடைக்கு வராது. ஒவ்வொன்றாகப் பறித்துச் சாக்கில் போட வேண்டும். தட்டிய எழுத்துச் சரத்திலிருந்தும் எண்ணைப் பறித்தெடுக்க வேண்டும். பறிக்காமல் 11-ஐயும் 12-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 23 என்று சொல்லாது. இரண்டு சரத்தையும் முடிச்சுப் போட்டு 1112 என்று நீட்டும்.

பறிக்கப் போகும்போது சரத்தில் எண்ணே இல்லாவிட்டால்? சி மொழி படித்தவர்களுக்கு இதன் பதில் கண்ணில் பட்டிருக்கும். அங்கே ‘ஸ்கேன்எஃப்’ என்ற செயற்கூற்றிடம் எண் கேட்டு, பயனர் எழுத்தைத் தட்டினால், அது அந்த எழுத்தைத் தொடாமல் வரிசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடும். ‘சரியாக வரும்வரை கேள்’ என்று மடக்கு எழுதியிருந்தால், மறுபடி கேட்கும், வரிசையில் அதே எழுத்து காத்திருக்கும், மறுபடி கேட்கும். ஒரே கேள்வி நிற்காமல் திரையில் ஓடும். கல்லூரி ஆய்வகத்தில் அப்படி ஓடிய திரையைப் பார்த்துக் கணினி கெட்டுவிட்டது என்று பயந்து எழுந்து நின்ற மாணவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டு வாங்குவதில் கவனம் தவறினால் நேரக்கூடிய கேட்டுக்கு எல்லை இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் இணையத்தோடு இணைந்திருந்த கணினிகளை முடக்கிய ‘மோரிஸ் புழு’ நுழைந்த வாசல்களில் ஒன்று இதுதான். ‘ஃபிங்கர்’ என்ற சேவை நிரல், வருகிற வரி எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் 512 பைட் இடத்தில் வாங்கிக்கொண்டது. நீளமான வரியை அனுப்பி, மிஞ்சியதைக் கொண்டு கணினியையே வசப்படுத்தியது புழு. அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ‘கெட்ஸ்’ செயற்கூற்றை சி மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரம் அடியோடு நீக்கிவிட்டது.

ஆகவே நிரல் எழுதுகிறவர்கள் இந்த வேலைக்கென்று தனியாக ஓர் உதவிச் செயற்கூறு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ‘எண் கேள்’ என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். கேள்வி, குறைந்த அளவு, கூடிய அளவு ஆகிய மூன்றையும் அதனிடம் கொடுத்தால், கேட்டு, பார்த்து, தவறானால் காரணம் சொல்லித் திரும்பக் கேட்டு, நல்ல எண் கிடைத்த பிறகுதான் திரும்பி வரும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ‘சிஎஸ்50’ பாடத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கு இப்படிப்பட்ட செயற்கூறுகளை முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதனால் வரும் நிம்மதி பெரிது. நிரலின் மற்ற இடங்களில் சந்தேகப்படத் தேவையில்லை. சந்தேகம் முழுவதும் வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது.

இதை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. கேட்பது ஒன்று, சரிபார்ப்பது மற்றொன்று. சரிபார்க்கும் பகுதிக்குத் திரையும் தெரியாது, விசைப்பலகையும் தெரியாது. ஒரு சரம் உள்ளே போனால் எண்ணோ புகாரோ வெளியே வரும். அப்போது நூறு விதமான கோணல் பதில்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மனிதர் யாரும் உட்காராமலே நொடியில் சோதித்துவிடலாம்.

முதல் நாள் இரவே அக்கா மகனிடமிருந்து புகார் வந்தது. “என்ன தப்புன்னு சொல்லாம தப்புன்னு மட்டும் சொல்லுது மாமா.” ‘தவறான உள்ளீடு’ என்று எழுதியிருந்தேன். அவன் தட்டியது 1,250 ரூபாய், காற்புள்ளியோடு. பைத்தானுக்குக் காற்புள்ளி பிடிக்காது. ஆனால் எடையிலும் பணத்திலும் காற்புள்ளி போட்டு எழுதித்தான் நமக்குப் பழக்கம். பயனர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. செயற்கூறு இளகிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, காற்புள்ளி எங்கே இருந்தாலும் நீக்கிவிட்டு எண்ணை எடுக்கும்படி ஒரு வரி சேர்த்தேன்.

இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-ல் எழுதிய நெறி ஒன்று உண்டு. நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு, பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் சாரம். நான் அந்த நெறியைத்தான் பின்பற்றினேன்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை கூலி கொடுத்தபோது ஒரு பெண் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “தம்பி, எனக்கு எப்படி இவ்வளவு காசு? கணக்கைப் பாருங்க.” அந்தத் தோட்டத்தில் குறித்த எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் கூலி உண்டு. அவர் பெயருக்கு நேரே ஒருநாள் எடை 1175 கிலோ என்று இருந்தது. விசைப்பலகையில் புள்ளியும் காற்புள்ளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. 11.75 என்று தட்ட நினைத்த விரல் 11,75 என்று தட்டியிருக்கிறது. காற்புள்ளியைக் கண்டால் எறிந்துவிடு என்று நான் சொல்லி வைத்திருந்தேனே, எறிந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் நேர்மையால் அன்று தப்பித்தோம். பழைய கணக்குப்பிள்ளையிடம் இது நடந்திருக்காது. 1175 என்று அவர் காதில் விழுந்தால் எழுதியிருப்பாரா? ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு காய் எடுக்க முடியும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். என் செயற்கூற்றுக்கு அது தெரியவில்லை. தெரியப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. இப்போது காற்புள்ளியை ஏற்பதற்கு நிபந்தனை வைத்திருக்கிறேன். நம் வழக்கப்படி கடைசியில் மூன்று இலக்கம், அதற்கு முன் இரண்டிரண்டாக, 1,25,000 என்பதுபோல் அமைந்திருந்தால்தான் அது காற்புள்ளி. 11,75 அந்த அமைப்பில் பொருந்தாது. உடனே ‘நீங்கள் தட்டியது 11,75. பதினொன்றுக்குப் பிறகு புள்ளியா?’ என்று கேட்கும். தட்டியதை அப்படியே திருப்பிக் காட்டுவது முக்கியம். தன் எழுத்தைத் தன் கண்ணால் பார்த்தால்தான் விரல் செய்த பிழை புரியும்.

எல்லையும் வைத்தேன். எடை பூச்சியத்துக்குக் கீழா? திருப்பு. அறுபதுக்கு மேலா? திருப்பு. மற்றதை ஏற்றுக்கொள். இதைவிட எளிய சோதனை இல்லை என்று தோன்றும். ஆனால் இதையும் ஏமாற்றிக்கொண்டு ஒன்று உள்ளே போகும்.

கணினியில் பதின்ம எண்களைக் கையாளுவதற்கு 1985-ல் உலகத் தரம் ஒன்று வகுத்தார்கள். அதில் ‘எண் அல்ல’ என்ற பொருளில் ஒரு தனி மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, ‘நேன்’ என்று வாசிப்பார்கள். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதுபோன்ற, விடையில்லாத கணக்குக்கு அது விடை. அந்த மூன்றெழுத்தைச் சொல்லாகத் தட்டினாலும் பைத்தான் அதைப் பதின்ம எண்ணாக ஏற்றுக்கொள்ளும். பழைய கணக்கை விரிதாளிலிருந்து மாற்றி எடுக்கும்போது காலியாக இருந்த கட்டங்கள் இந்த வேடத்தில் வந்து சேர்வது உண்டு. இதன் இயல்பு விசித்திரமானது: சிறியதா, பெரியதா, சமமா என்று எதனோடு ஒப்பிட்டாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். பூச்சியத்தைவிடச் சிறியதா? இல்லை. அறுபதைவிடப் பெரியதா? இல்லை. தனக்குத் தானே சமமா? அதுவும் இல்லை. இரண்டு காவலர்களையும் தாண்டி எடைப் பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மாதக் கூட்டுத்தொகை முழுவதும் ‘எண் அல்ல’ ஆகிவிடும், ஒரு குடம் பாலில் ஒரு சொட்டு மோர் விழுந்ததுபோல.

மாற்று மிக எளியது, ஆனால் யோசிக்க வைப்பது. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ‘தவறாக இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘பூச்சியத்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கிறதா’ என்று கேட்டால், அதற்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். உள்ளே விடாமல் திருப்பிவிடலாம். கெட்டவனா என்று பார்த்து விடுவதற்கும் தெரிந்தவனா என்று பார்த்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

தமிழில் தட்டத் தொடங்கும்போது இன்னொரு உலகம் திறக்கிறது. பைத்தானிடம் ௨௫ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், 25 என்று எடுத்துக்கொள்ளும். மலையாள இலக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். பாதி தமிழ், பாதி வழக்கமான இலக்கம் என்று ௨5 என்று கொடுத்தாலும் 25 தான். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை தசம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எதுவும் அதற்குச் சம்மதம். ஆனால் நம் முன்னோர் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் வைத்திருந்தார்களே, அவற்றைக் கொடுத்தால் மறுத்துவிடும். அவை இட மதிப்புக்குள் வராதவை, வேறு வகையில் வைக்கப்பட்டவை. இன்னொரு சிக்கலும் உண்டு. எட்டைக் குறிக்கும் ௮ கண்ணுக்கு ‘அ’ போலவே இருக்கும். இரண்டைக் குறிக்கும் ௨, ‘உ’ போல. ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடல் இந்த ஒற்றுமையை வைத்தே ஒருவரின் மானத்தை வாங்கியது. கண்ணுக்கு ஒன்றாக இருப்பவை கணினிக்கு வேறு வேறு.

இதன் உச்சம் போடி என்ற பெயரிலேயே இருக்கிறது. அக்கா மகன் பணியாளர்களின் ஊரையும் பதிந்து வைத்தான். மாதக் கடைசியில் ஊர்வாரியாகப் பிரித்துக் கேட்டால் போடி இரண்டு முறை வருகிறது. எழுத்துப்பிழை இல்லை. இரண்டையும் பெரிதாக்கி வைத்துப் பார்த்தோம், ஒரு கோடுகூட வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றா என்று கேட்டால் பைத்தான் ‘இல்லை’ என்கிறது.

‘போ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுத முடியும். பகரத்துக்குப் பிறகு ஓகாரக்குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு வழி. பகரத்துக்குப் பிறகு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒரே வடிவம். முதல் வழியில் ‘போடி’ நான்கு குறிகள்; இரண்டாம் வழியில் ஐந்து. படிக்கிற நமக்கோ இரண்டே எழுத்து. ஒரு சின்ன ஊர்ப்பெயரின் நீளம் என்ன என்ற கேள்விக்கு இரண்டு, நான்கு, ஐந்து என்று மூன்று சரியான பதில்கள். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாம் வகையைத் தருகின்றன. ஒருங்குறித் தரத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. ‘என்எஃப்சி’ என்ற ஒழுங்குபடுத்தல் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பைத்தான் நிரலில் நாம் வைக்கும் மாறிப் பெயர்களுக்கு அது இப்படி ஓர் ஒழுங்குபடுத்தலைத் தானே செய்துகொள்கிறது. பயனர் தட்டும் சரத்துக்குச் செய்வதில்லை; உதவிச் செயற்கூறு செய்ய வேண்டும். தமிழ் வாங்கும் எந்த நிரலிலும் இந்த ஒரு வரி இல்லாமல் இருக்கக் கூடாது என்று நான் இப்போது பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதுவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுகிறவர்கள் உண்டு. அதை எந்தத் தரமும் ஒன்றாக்காது. வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது, அகலமே இல்லாத, கண்ணுக்குப் படாத இணைப்பு விலக்கிக் குறி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். முன்பின் இடைவெளியை நீக்கும் வழக்கமான கட்டளை அதை இடைவெளி என்று கருதாது. 25 என்று தெளிவாகத் தெரியும் எண்ணைக் கணினி எண் இல்லை என்று மறுக்கும்போது, முதலில் சந்தேகப்பட வேண்டிய விருந்தாளி அதுதான்.

கீழே போடி ஊருக்கு வருவோம். ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். போடியில் இரண்டும் ஒரே கூடத்தில் நடக்கும். காயின் பெயர் ஏலம். கூவி விற்பதும் ஏலம். பின்னது போர்த்துகீசியர் வழி வந்த சொல் என்பார்கள். வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து வாயால் விலை சொன்ன காலத்தில், எழுநூறா எண்ணூறா என்று சந்தேகம் வந்தால் ஏலம் விடுபவர் நிமிர்ந்து பார்த்துத் திரும்பக் கேட்பார். 2007-ல் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு கணினி ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் வியாபாரிகள் திரைக்கு முன் உட்கார்ந்து விலையைத் தட்டுகிறார்கள். திரும்பக் கேட்கும் அந்தப் பார்வையை யாராவது நிரலில் எழுதி வைத்தால்தான் அது இருக்கும்.

எழுதி வைப்பதில் நான் செய்த பிழை இது. விற்ற விலையைப் பதியும் இடத்தில் கிலோவுக்கு 3,000 ரூபாய் உச்சம் என்று வைத்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சராசரி ஆயிரத்தைச் சுற்றியே இருந்தது. மூன்று மடங்கு இடம் விட்டிருக்கிறோம் என்று நினைத்தேன். 2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கியைப் புரட்டிப் போட்டது. அடுத்த கோடை வறண்டது. விளைச்சல் விழுந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. என் செயற்கூறு உண்மை விலையை ஏற்க மறுத்தது. விற்றது விற்றதுதான், கணக்கு எழுதியாக வேண்டும். அக்கா மகன் 2,999 என்று தட்டிவிட்டு மீதியை நோட்டில் எழுதி வைத்தான். பொய்யைத் தடுக்க எழுதிய செயற்கூறு அவனைப் பொய் தட்ட வைத்துவிட்டது. 2022-ல் அதே ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. நடந்திராத விலைக்கும் நடக்கவே முடியாத விலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மூன்று ஆண்டுகள்தாம் எனக்குக் கற்றுக் கொடுத்தன. எடை கழித்தல் குறியோடு வருவது நடக்க முடியாதது, மறுக்கலாம். விலை ஏழாயிரம் என்பது வழக்கத்துக்கு மாறானது. கேட்கலாம், மறுக்கக் கூடாது.

கேட்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2005 டிசம்பர் 8 அன்று ஜப்பானில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், ஜேகாம் என்ற நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய இடத்தில், 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கும்படி பதிவாகிவிட்டது. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே 14,500 தான். திரையில் எச்சரிக்கை வந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை அடிக்கடி வருவதுதான் என்பதால் தாண்டிச் சென்றுவிட்டார்கள். இழப்பு சுமார் 4,000 கோடி யென். தினமும் குரைக்கிற நாயின் குரலுக்கு யாரும் விளக்கு ஏற்றிப் பார்ப்பதில்லை. அதனால் எச்சரிக்கை அரிதாக வர வேண்டும், வந்தால் என்டர் விசை ஒன்றால் தாண்ட முடியாததாக இருக்க வேண்டும். எங்கள் நிரலில் வழக்கத்துக்கு மாறான எண்ணை மறுபடி முழுதாகத் தட்டினால்தான் ஏற்கும்.

ஆம், இல்லை கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலக் கட்டளை வரியில் இரண்டு பதிலையும் அடைப்புக்குறிக்குள் காட்டி, எதையும் தட்டாமல் விட்டால் எது எடுத்துக்கொள்ளப்படும் என்பதைப் பெரிய எழுத்தால் குறிப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. அந்தச் சைகையைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. ‘வெறும் என்டர் தட்டினால் இல்லை என்று பொருள்’ என்று வாக்கியமாகவே எழுத வேண்டும். எழுதினோம். யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

தனியாகப் பார்த்தால் சரியாகவும், சேர்த்துப் பார்த்தால் தவறாகவும் இருக்கும் எண்கள்தாம் கடினமானவை. ஏலக்காயை மில்லிமீட்டர் சல்லடையில் பிரிப்பார்கள். ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். ஆலப்புழைப் பச்சை வகையில் அக்மார்க் தரப்படி 7 மில்லிமீட்டர் உச்சத் தரத்துக்கு லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம், 6 மில்லிமீட்டருக்கு 415, 5 மில்லிமீட்டருக்கு 385 கிராம் வேண்டும். 435-ஐ மாற்றி 345 என்று தட்டினால் எந்த எல்லைச் சோதனையும் பிடிக்காது. ஆனால் பக்கத்தில் உச்சத் தரம் என்று குறித்திருந்தால் முரண்பாடு தெரியும். பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். நூறு கிலோ பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய் ஐம்பது கிலோ உலர்காய் வந்ததாகப் பதிந்தால், ஒன்று எடை தவறு, இல்லை காய் உலரவில்லை. எண்களை ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துவது இது.

பக்கத்துச் சாட்சி இல்லாத எண்ணுக்கு அதற்குள்ளேயே சாட்சியை வைத்துவிடுவார்கள். ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கம் அப்படிப்பட்டது. முதல் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்தது. முறை, நெதர்லாந்துக் கணிதர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்டது. மனிதர் செய்யும் எண் பிழைகளில் பெரும்பாலானவை ஓர் இலக்கம் மாறுவது. அடுத்தது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. இரண்டையும் ஒன்று விடாமல் பிடிக்க அவர் சாதாரணக் கூட்டலை விட்டுவிட்டார். கூட்டலில் 3-ஐயும் 7-ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் பத்துதான். இடம் மாறியது தெரியாது. ஐந்து மூலை உள்ள ஓர் அட்டையை வெட்டி, மூலைகளில் எண் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மூலை அளவு சுழற்றிவிட்டுப் புரட்டிப் போடுங்கள். பிறகு பழைய நிலையில் வைத்து, முதலில் புரட்டிவிட்டு அதே பக்கமாகச் சுழற்றுங்கள். மேலே வரும் மூலை வேறாக இருக்கும். ஐந்து சுழற்சி, ஐந்து புரட்டல், மொத்தம் பத்து அசைவு, பத்து இலக்கம். ஒவ்வொரு இலக்கத்தையும் ஓர் அசைவாகக் கொண்டு வெர்ஹூஃப் கணக்குப் போட்டார். வரிசை மாறினால் விடை மாறும். பிழை வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஒரு காகித அட்டையின் சுழற்சி கோடிக்கணக்கான மனிதர்களின் விரல் பிழையைப் பிடிக்கிறது என்று முதன்முதல் புரிந்த அன்று, நானே ஓர் அட்டையை வெட்டி மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்த்தேன்.

எந்தப் பிழையைத் தானே திருத்தலாம், எதைக் கேட்க வேண்டும்? கூலியை வங்கியில் போடத் தொடங்கியபோது இந்தக் கேள்வி வந்தது. வங்கிக் கிளையின் பதினோரெழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூச்சியம். அங்கே ஆங்கில ‘ஓ’ வந்தால் செயற்கூறு சத்தமில்லாமல் பூச்சியமாக்கலாம். வேறு எதுவும் அங்கே இருக்க வழியில்லை. ஆனால் 08/09 என்ற தேதி? செப்டம்பர் எட்டா, ஆகஸ்ட் ஒன்பதா? இரண்டும் காய் எடுக்கும் பருவத்துக்குள் வருகின்றன. இங்கே ஊகிக்கக் கூடாது. மாதத்தைச் சொல்லாக எழுதிக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும்.

கேள்வியிலிருந்து எழுந்து போகவும் வழி வேண்டும். மூடுபனி இறங்குமுன் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்று ஜீப் ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்கும்போது, பதில் சொல்லாமல் விடமாட்டேன் என்று நிற்கும் செயற்கூறு கொடுமையானது. ‘போதும்’ என்று தட்டினால் அதுவரை பதிந்ததைக் காத்துவிட்டு நிற்கிறது இப்போது.

சென்ற பருவத்தில் அக்கா மகன் கடைசியாக ஒன்று கேட்டான். “மாமா, 11.75 சரியான்னு கேக்குது. அதைச் சத்தமா வாசிச்சா அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. பெரியவர் சொல்ற மாதிரி வரணும்.” எண்ணைச் சொல்லாக்க ஒரு சின்னச் செயற்கூறு எழுதினேன். கால், அரை, முக்கால் என்று மூன்று பின்னமும், தொண்ணூற்றொன்பது வரை எண்களும். 11.25 என்றால் பதினொன்றே கால், 11.5 என்றால் பதினொன்றரை.

மாலை நான்கரை மணிக்கு அவன் தராசைப் பார்த்துத் தட்டுகிறான். திரையில் வருவதை உரக்க வாசிக்கிறான்: “பதினொன்றே முக்கால்.” வரிசையிலிருந்து பதில் வருகிறது: “பதினொன்னே முக்கால்.” அதன் பிறகு என்டர்.